விலை கேட்கக் கூசிய இரவு

பெங்களூர்ப் பீன்யாவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு பெட்டி போல்ட் வாங்குவதென்றாலும் மூன்று இடங்களில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுவது என் வழக்கம். அப்படிப்பட்ட நான், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு, பெங்களூரின் கிழக்குப் பகுதியில் இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு விலங்கு மருத்துவமனையில், கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு படிவத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வந்த பில் 23,400 ரூபாய்.

மிளகு எங்கள் அல்சூர் தெருவில் பிறந்த நாய். கறுப்பு உடம்பில் ஆங்காங்கே சாம்பல் பொரிந்திருப்பதால் அந்தப் பெயர். அன்று இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருந்தவளின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தபோது, தோலுக்கடியில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. ஈறு வெளுத்திருந்தது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் தரையில் விழுந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த நிலையில் மேசைக்கு அப்பால் இருந்த இளைஞரிடம் "எவ்வளவு ஆகும்" என்று கேட்பது, அவள் உயிருக்கு விலை பேசுவதுபோல் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் காத்திருந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருந்தது. இந்தக் கூச்சத்துக்கு நான் எவ்வளவு பணம் கொடுத்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பில்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுவலகப் பழக்கத்தில் வரி வரியாகப் பிரித்தேன். இரவு நேரக் கட்டணம் 1,500, இரத்த அணுக்களின் எண்ணிக்கை 900, உண்ணிக் காய்ச்சலுக்கான பிசிஆர் பரிசோதனை 4,200, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை 1,800, மார்பு எக்ஸ்ரே இரண்டு 2,400, வயிற்று ஸ்கேன் 2,500, டிரிப்ஸும் ஊசிகளும் 3,100, ஓர் இரவு தங்கியதற்கு 4,500, மருந்துகள் 2,500. அதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் முப்பது ஆண்டுகளாகச் சிறிய கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம் போனேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 38,000 என்று குறைந்திருக்கும்போது டிரிப்ஸும் கண்காணிப்பும் தேவைதான் என்றார். பிசிஆரும் வீண் இல்லை. ஏனெனில் எர்லிக்கியா என்ற கிருமிக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியாவைத் தனியாகக் குணப்படுத்தாது. எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். ஆனால் இருமலோ மூச்சிரைப்போ இல்லாத நாய்க்கு மார்பு எக்ஸ்ரேயும், வாந்தியோ வயிற்று வீக்கமோ இல்லாதபோது ஸ்கேனும் அன்றிரவே எடுத்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் நிலைமையைப் பார்த்து முடிவு செய்திருக்கலாம் என்றார். படிவத்தில் எல்லாக் கட்டங்களுக்கும் டிக் போட்டது அந்த இளைஞர் என்றாலும், அதற்குக் கீழே கையெழுத்திட்டவள் நான்.

அன்று அவர் கற்றுக்கொடுத்த ஒரு கேள்வியை அதன் பிறகு நான் விட்டதில்லை. "இந்தப் பரிசோதனையின் முடிவைப் பொறுத்து இன்றைக்குக் கொடுக்கப்போகும் மருந்து மாறுமா?" என்பதே அது. மாறும் என்றால் எவ்வளவானாலும் எடுக்க வேண்டும். மாறாது என்றால் நாளைக்குத் தள்ளிவைக்கலாம். நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்ததில்லை. இன்னொன்றும் சொன்னார்: நாயின் இரத்தத்தில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் அவற்றைக் குறைத்து எண்ணிவிடும், ஒரு கண்ணாடித் துண்டில் சொட்டு இரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சில நூறு ரூபாயில் முடியும் அந்த ஸ்மியர், பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளுக்கு முன்னால் நிற்க வேண்டியது.

ஒரே ஊருக்குள்ளேயே விலை ஏன் இப்படி மாறுகிறது என்று கணக்குக்காரியின் ஆவலோடு சில மாதங்கள் குறித்துவைத்தேன். அதே நிறுவனத்தின் அதே கூட்டுத் தடுப்பூசிக்கு இந்திராநகரில் ஓரிடத்தில் 1,400, எங்கள் தெரு டாக்டரிடம் 900, ஓசூரில் இருக்கும் என் அக்கா தன் நாய்க்குக் கொடுத்தது 700. குப்பியின் அடக்க விலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்; கூடுதலாக நாம் கொடுப்பது இந்திராநகர் நூறடிச் சாலையின் வாடகைக்கும், குளிரூட்டிய அறைக்கும், வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்துக்கும். இதில் தவறொன்றும் இல்லை, நடுராத்திரியில் ஸ்கேன் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் தயாராக இருக்க வேண்டுமென்றால் பகல் வருமானத்தில் இருந்துதான் அந்தச் செலவு வர வேண்டும். ஆனால் ஊசி போடுவதற்கும் நகம் வெட்டுவதற்கும் அந்த இயந்திரத்தின் வாடகையை நாம் ஏன் கட்ட வேண்டும்? வழக்கமான வேலைகளுக்குத் தெரு டாக்டர், பெரிய சிக்கலுக்குப் பெரிய மருத்துவமனை என்று பிரித்துக்கொண்டதிலேயே எங்கள் ஆண்டுச் செலவு கணிசமாகக் குறைந்தது. விலை குறைவு என்பதற்காகக் காய்ச்சலில் துவண்ட நாயை நாற்பது கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓசூருக்குப் போவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா பலமுறை அழைத்தும் போகவில்லை.

பெங்களூரில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஹெப்பாளை மறந்துவிடுகிறார்கள். அங்கே பல்லாரி சாலையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1958இல் தொடங்கியது. இப்போது பீதரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் 1903இல் தொடங்கிய கல்லூரியின் மருத்துவமனையை "வேப்பேரி ஆஸ்பத்திரி" என்று உரிமையோடு சொல்வதுபோல், இங்கே ஹெப்பாள் என்று சொன்னாலே நாய் வளர்க்கும் பழைய அல்சூர்க் குடும்பங்களுக்குப் புரியும். குயின்ஸ் சாலையில் மாநில அரசின் கால்நடை மருத்துவமனை ஒன்றும் உண்டு. நான் மிளகுவைக் கருத்தடை அறுவைக்காக ஹெப்பாளுக்குத்தான் அழைத்துப்போனேன். சீட்டுக் கட்டணம் ஒரு மதியச் சாப்பாட்டின் விலையைத் தாண்டவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பாரசீகப் பூனை பிளாஸ்டிக் கூடையில் இருந்தது. பின்னால் கால் வீங்கிய ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு எலகங்காப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் நின்றிருந்தார். மாணவர்கள் ஐந்தாறு பேர் மிளகுவைச் சூழ்ந்துகொண்டு, ஒருவர் வெப்பமானியைச் செருக, ஒருவர் ஈறை அழுத்திப் பார்க்க, மூன்றாமவர் என்னிடம் கேட்ட கேள்விகளையே நான்காமவரும் கேட்டார். கடைசியில் பேராசிரியர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார்.

அங்கே பணத்துக்குப் பதிலாகக் கொடுப்பது நேரம். மூன்று முறை போய்வந்தேன். மூன்று அரை நாள் விடுப்பு. நாயைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் பாதிப் பேர் நிறுத்தாமல் போவார்கள், நிறுத்துகிறவர்கள் மீட்டரைத் தொடமாட்டார்கள். ஹெப்பாள் மேம்பால நெரிசலில் அவள் ஒருமுறை என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். இந்தச் செலவையெல்லாம் சேர்த்தாலும் தனியார் கிளினிக்கில் சொன்ன 14,000 ரூபாயில் கால் பங்குகூட வரவில்லை. நாள்கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் விடுப்பு என்பது வேறு கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கருத்தடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டு பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாக ஆக, ஒவ்வொரு இனச்சேர்க்கைப் பருவத்துக்கும் பிறகு சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து கூடுகிறது. பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் அதிகம் குடிப்பதும் சோர்ந்து படுப்பதும் தவிர வேறு அடையாளம் தெரியாமலும் போகலாம். அப்போது செய்வதும் அதே கருப்பையை எடுக்கும் அறுவைதான், ஆனால் நோயில் நலிந்த உடம்பில், அவசரமாக, இரவு நேரக் கட்டணத்தோடு. எங்கள் மேல்வீட்டு லாப்ரடாருக்கு ஒன்பது வயதில் அப்படி நேர்ந்து, அறுவையும் ஐந்து நாள் தங்கலும் சேர்ந்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. இளம் வயதிலேயே செய்துவிட்டால் மார்பகக் கட்டிகளுக்கான வாய்ப்பும் குறைகிறது என்பதால், எந்த வயதில் செய்வது என்பதை மட்டும் நாயின் இனத்தையும் எடையையும் வைத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். மிளகுவுக்கு எழுதியது டாக்சிசைக்ளின் நூறு மில்லிகிராம், காலையும் இரவும், இருபத்தெட்டு நாள். மொத்தம் ஐம்பத்தாறு மாத்திரை. மருத்துவமனையின் கடையில் நாய் படம் போட்ட அட்டையில் ஒரு மாத்திரை பதினெட்டு ரூபாய். முதல் வாரம் முடிந்ததும், எங்கள் டாக்டர் மருந்தின் வேதிப்பெயரையே சீட்டில் எழுதிக்கொடுத்து, வேதிப்பெயரிலேயே மலிவாக விற்கும் ஜெனரிக் மருந்துகளுக்கான மக்கள் மருந்தகத்துக்கு அனுப்பினார். கடைக்காரர் "மிளகு, நாய், 18 கிலோ" என்று இருந்ததை இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். விலை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் பொதுவான மருந்துகள் பல இருக்கின்றன, கேட்டால் மருத்துவர்கள் எழுதித் தருவார்கள். மாத்திரை தொண்டையில் தங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் என்பதால், சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் குடிக்கவைக்கச் சொன்னார். நான்காம் நாளே சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பக் கற்றுக்கொண்டாள் மிளகு. ஐந்தாம் நாளிலிருந்து மூன்று உருண்டை; நடுவில் உள்ளதில் மட்டும் மருந்து.

இங்கேதான் சேமிப்பு கொலையாகவும் மாறக்கூடும். எதிர்வீட்டு அம்மா தம் பூனைக்கு உடம்பு சுடுகிறதென்று பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு கிடையாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையை இழந்து, ஈறு பழுப்பாக மாறிவிடும். மறுநாள் மாலை அது இறந்தது. நாய்க்கு மூட்டு வலி என்று நம் வீட்டு இப்யூபுரோஃபென் கொடுப்பதும், நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் தடவுவதும் இதே வகைதான். ஆகவே ஜெனரிக் என்பது சீட்டோடு போய் வாங்க வேண்டியது. போன வருடத்து மிச்சத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது.

உண்ணி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் செய்ததால்தான் அந்த 23,400 வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மென்று தின்னும் மாத்திரை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் என்றதும், மலிவான பொடியையும் குளியலையும் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். பெங்களூரின் மிதமான தட்பவெப்பம் நமக்கு மட்டும் பிடித்ததில்லை; உண்ணிக்கும் பிடித்தது. வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுச் சுவரை விட்டுவிட்டால், அடுத்த மாதம் அவை திரும்ப ஏறிவிடும். இப்போது மாத்திரையும் தவறுவதில்லை, வாரம் ஒருமுறை அவள் காது மடிப்பையும் விரல் இடுக்கையும் கையால் தடவிப் பார்ப்பதும் தவறுவதில்லை. வலிப்பு வந்த நாயாக இருந்தால் இந்த வகை மாத்திரை தருவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தடுப்பூசியில் குறைக்கக்கூடியது ஒன்று, குறைக்கக் கூடாதது ஒன்று. வெறிநோய் ஊசியை ஆண்டுதோறும் போட்டுவிடுவது, அதில் பேச்சுக்கே இடமில்லை. அறிகுறி தோன்றிய பிறகு மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பது அரிதிலும் அரிது, ஊசியோ சில நூறு ரூபாய். ஜூலை 6 அன்று விலங்குவழி நோய்கள் நாள், செப்டம்பர் 28 அன்று உலக வெறிநோய் நாள். இரண்டையும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பல ஊர்களில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கு, குட்டிப் பருவத்து ஊசிகளையும் ஓராண்டு ஊசியையும் ஒழுங்காகப் போட்ட வளர்ந்த நாய்க்கு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை என்று உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் கால் வைக்கும் எங்கள் தெரு நாய்களுக்கு எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ ஊசி ஆண்டுதோறும் வேண்டும். அதனால் இதை நாமே முடிவு செய்யாமல், மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் சரி. செல்லப்பிராணிக் கடையில் பாதி விலைக்கு ஊசி போடுகிறார்கள் என்று போவதைப்போல் வீண் செலவு வேறில்லை. குளிர்பெட்டியில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இல்லாத குப்பி வெறும் தண்ணீருக்குச் சமம். போட்டவர் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதும், குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், தொகுதி எண்ணோடும் காலாவதித் தேதியோடும் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை.

தொழில் பழக்கத்தில் கண்ணில் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விலங்குகளுக்குக் கால்நடை கிளினிக் அளிக்கும் மருத்துவச் சேவைக்கு, 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே விலக்கு கொடுத்துவிட்டார்கள். முடி வெட்டுவதற்கும் தங்கும் விடுதிக்கும் அந்த விலக்கு இல்லை. ஆலோசனைக் கட்டணத்துக்கோ அறுவைக்கோ பில்லில் பதினெட்டு சதவீதம் சேர்த்திருந்தால், எந்தத் தலைப்பின் கீழ் என்று மரியாதையாகக் கேட்கலாம். நான் ஒருமுறை கேட்டேன். கணினியில் தவறு என்று திருத்திக் கொடுத்தார்கள்.

காப்பீடு எடுக்கலாமா என்று அலுவலகத்தில் பலர் கேட்கிறார்கள். இளம் வயது நாய், மருத்துவச் செலவு அதிகம் வைக்கும் இனம் என்றால் யோசிக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய், காத்திருப்புக் காலம், சேர்வதற்கான வயது வரம்பு ஆகிய மூன்றையும் படிக்காமல் எடுக்கக் கூடாது. மிளகுவுக்கு நான் எடுக்கவில்லை. அஞ்சலகத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றை அவள் நினைப்பில் தொடங்கினேன். அது என் பெயரில்தான் இருக்கிறது, அவள் நாமினிகூட இல்லை.

அந்தப் பணம் எதற்கென்றால், கேள்வி கேட்க நேரமில்லாத இரவுகளுக்கு. பெரிய நாயின் வயிறு திடீரென்று உப்பி, வாந்தி வராமல் குமட்டினால். ஆண் பூனை மண்தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால். ஊசி போடாத குட்டிக்கு இரத்த வாடையோடு கழிந்தால். அங்கே விலை ஒப்பிடக் கூடாது, மிக அருகில் திறந்திருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். போகிற வழியில் யாராவது விலையைத் தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

போன மாதம் வாய் நாற்றம் என்று மிளகுவைத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மேசையில் ஏற்றியதுமே, "எவ்வளவு ஆகும்னு முதல்லயே சொல்லிடுங்க டாக்டர்" என்றேன். அவர் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினார்: இன்றைக்கு வேண்டியது 650, ஆறு மாதத்துக்குள் பல் சுத்தம் செய்ய 6,000, எக்ஸ்ரே இப்போதைக்கு வேண்டாம். பிறகு எடை பார்த்தார். 19.4 கிலோ. இருபதைத் தாண்டினால் உண்ணி மாத்திரையில் அடுத்த அளவுக்குப் போக வேண்டும், அது இன்னும் கொஞ்சம் விலை கூடுதல் என்று அவர் சொன்னபோது, வருமான வரிப் படிநிலையின் விளிம்பில் நிற்கும் சம்பளக்காரரைப் பார்ப்பதுபோல் நான் அவளைப் பார்த்தேன். அன்றிரவே தயிர்சாதம் பாதியாயிற்று. காலியான தட்டை மூக்காலேயே தள்ளிக்கொண்டு வந்து, நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நோட்டின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கண் இமைக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.